மணி அடிப்பதற்குள் மூச்சுக்குத் திரும்புங்கள்

சென்னை காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் 11 வருஷமாகப் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லித் தருகிறேன். சேர வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, எப்போது பஞ்சிங் பேக் அடிக்கலாம், எப்போது ஸ்பேரிங், அதாவது ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவது என்றுதான். நான் முதல் வாரம் தியானத்தில் உட்காரத்தான் சொல்லித் தருவேன்.

எனக்கு அப்போது 19 வயது. ஒரு போட்டியில் முதல் ரவுண்டிலேயே இடது கன்னத்தில் ஒரு ஹூக், கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து, வாங்கினேன். வலி பெரிதில்லை. ஆனால் கையை ஏன் இறக்கினோம், மாமா வேறு கீழே உட்கார்ந்து பார்க்கிறாரே என்று மனசு அந்த அடியிலேயே நின்றுவிட்டது. அதே ஹூக் இன்னும் இரண்டு தடவை விழுந்தது. தோற்றேன். சண்டை பழகுகிறவனுக்குத் தியானம் எதற்கு என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மனசு எங்கேயோ போய்விட்டது என்று சட்டென்று தெரிய வேண்டும், தெரிந்ததும் திரும்பி வர வேண்டும். இரண்டும் பழக்கத்தில்தான் வரும்.

பயிற்சி முடிந்து வியர்வையைத் துடைத்ததும் 10 நிமிஷம் உட்காருங்கள். சம்மணம் போட்டு, சுவரில் சாயாமல். முட்டி வலிக்கிறவர்கள் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் உட்காரலாம். கார்டில், அதாவது முகத்தைக் காக்கக் கையைத் தூக்கி, நிற்கும்போது தாடையை உள்ளே இழுப்போமே, அதே அளவு இழுங்கள். கண்ணை முழுக்க மூட வேண்டாம், நாலடி தள்ளித் தரையில் ஓரிடத்தைப் பாருங்கள். வெளியே போகும் மூச்சை மட்டும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். நடுவில் நாளைய பரீட்சையோ போனோ நினைவுக்கு வந்தால், உங்களைத் திட்டிக்கொள்ளாமல் மறுபடி ஒன்று. முதல் மாதம் என் பிள்ளைகளில் பாதிப் பேர் நாலைத் தாண்டமாட்டார்கள். அதில் குறையே இல்லை. 20 தடவை ஒன்றுக்குத் திரும்பினால் 20 தடவை பயிற்சி செய்தாயிற்று.

"அமைதியான இடமே இல்லையே மாஸ்டர்" என்பார்கள். எங்கள் பக்கம் அது கிடைக்காது. கன்டெய்னர் லாரி ஹாரன், மீன் வண்டி, பாங்கு, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் சேர்ந்துதான் வரும். ரிங்கைச் சுற்றி நின்று கத்துகிறவர்கள் மட்டும் என்ன, சும்மாவா இருப்பார்கள்? ஹாரன் கேட்டதும், கேட்டது என்று தெரிந்துகொண்டு மூச்சுக்கு வாருங்கள். சத்தத்தில் பழகியவன்தான் போட்டியில் நிற்பான் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் பேண்டேஜ், கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணி. எனக்கு மிகவும் பிடித்த தியானம் இதுதான். 4.5 மீட்டர் துணி. கட்டை விரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகள் மேல் மூன்று சுற்று, பிறகு விரல் இடுக்குகள், கடைசியில் மறுபடி மணிக்கட்டு. விரல்களை விரித்து வைத்தே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முஷ்டி மடக்கும்போது இறுக்கும். இதெல்லாம் முடியும் வரை பேச்சு கூடாது. துணி தோலில் படுவதை மட்டும் கவனியுங்கள். எத்தனையாவது சுற்று என்று மறந்துவிட்டால் முழுக்க அவிழ்த்து முதலிலிருந்து கட்டுங்கள். ஒரு பெண் முதல் நாள் மூன்று தடவை அவிழ்த்து அழுதே விட்டாள். இப்போது அவள் துணியை எடுத்து உட்கார்ந்தால் மாடியே அடங்கிவிடும்.

சரி, போட்டிக்கு வருவோம். அமெச்சூர் போட்டியில் பெரியவர்களுக்கு 3 நிமிஷம் வீதம் 3 ரவுண்டு, நடுவில் 1 நிமிஷம் ஓய்வு. ஸ்டூலில் உட்கார, தண்ணீர் குடிக்க, கோச் பேச என்று போனால் மூச்சுக்கு அரை நிமிஷம் மிஞ்சும். முதல் இரண்டு பெருமூச்சு வாய் வழியாக வந்தால் வரட்டும். அதற்குப் பிறகு மூன்று எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, இப்படி மூன்று முறை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு தானாகவே கொஞ்சம் குறையும், அதனால்தான் அதை நீட்டுகிறோம். கோச் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பழக ஸ்கிப்பிங் கயிறு போதும். 3 நிமிஷம் வேகமாகக் குதித்து, போனில் 1 நிமிஷம் வைத்து, இதையே செய்யுங்கள். மூன்று ரவுண்டு, வாரத்துக்கு மூன்று நாள். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

கராத்தேயிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு உட்காருவது புதிதில்லை. வகுப்புக்கு முன்னும் பின்னும் முட்டி போட்டுக் கண் மூடுவதை அங்கே மொகுசோ என்பார்கள். சிலர் அதை வணக்கம் வைப்பது போல முடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய் சீனாவின் ஷாவோலின் மடத்தில் சண்டை கற்றுக்கொடுத்தார் என்று பையன்கள் ஆசையாகச் சொல்வார்கள். சண்டைக் கதை பிற்காலத்தில் சேர்ந்தது. பழைய குறிப்புகளில் அவர் பெயரோடு வருவது சுவரைப் பார்த்து உட்கார்ந்த தியானம். அவரைப் பிடிக்கும் என்றால் அதைச் செய்யுங்கள் என்பேன்.

உட்கார்ந்ததும் சில பிள்ளைகளுக்கு வீட்டுப் பிரச்சினை நினைவுக்கு வந்து அழுகை முட்டும். கட்டாயப்படுத்தாதீர்கள். காலடியை எண்ணிக்கொண்டே மாடியைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள், கூடவே நீங்களும் நடங்கள். ஸ்பேரிங்கில் தலையில் அடிபட்டு வாந்தியோ, மயக்கமோ, பேச்சில் குழறலோ இருந்தால் மூச்சுப் பயிற்சி என்று ஒரு நிமிஷம்கூட உட்கார வைக்காதீர்கள். ஆட்டோ பிடித்து நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.