தெர்மோடைனமிக்ஸ் விதிகள்: ஒரு தெர்மாமீட்டரும் சுடுதண்ணியும் போதும்

பிசிக்ஸ் படிக்கிற பிள்ளைங்க தெர்மோடைனமிக்ஸ், அதாவது சூடும் வேலையும் ஒண்ணு இன்னொண்ணா மாறுறத பத்தின இந்த விதிகள மனப்பாடம் பண்ணியே நொந்து போறாங்க, வீட்டு சமையக்கட்டுலயே செஞ்சு பாத்துக்கலாம் லா. 100 டிகிரி வரைக்கும் காட்டுற தெர்மாமீட்டர் வேணும், காய்ச்சல் பாக்கிறது வேணாம், சுடுதண்ணில வெடிச்சிரும்.

படி 0: ராத்திரி மேசைல வச்ச தண்ணில தெர்மாமீட்டர விடுங்க, 30 பக்கம் காட்டும். தொட்டுக்கிட்டு இருக்கிற ரெண்டு பொருளும் கடைசில ஒரே சூட்டுக்கு வந்துரும், ஃபார்ம் 4ல வர்ற தெர்மல் ஈக்குவிலிபிரியம் இதான். இப்படி தெர்மாமீட்டரோட சூடு ஒத்துப்போற ரெண்டு பொருளும் தங்களுக்குள்ளயும் ஒத்துப்போகும்ங்கிறது தான் விதி, மத்த விதிக்கெல்லாம் நம்பர் குடுத்த பிறகு பேரு வச்சதால இதுக்கு பூஜ்ய விதின்னு பேரு.

படி 1: 80 டிகிரி தண்ணி 200 மில்லி, 30 டிகிரி தண்ணி 200 மில்லி, கலக்குங்க. கணக்குப்படி 55 வரணும், ஆனா கொஞ்சம் கொறச்சலா தான் காட்டும். மீதி எங்க? கிளாஸ், கரண்டி, காத்து எல்லாம் பங்கு போட்டுக்கிச்சு, எதுவும் காணாம போகல, முதல் விதி இதான். அடுத்து சைக்கிள் பம்பு வாய விரலால அடைச்சு வேகமா அடிங்க, அடிப்பக்கம் சுடும். அடுப்பே இல்ல, உங்க கை செஞ்ச வேலை தான் உள்ள இருக்கிற காத்தோட சூடா மாறுது. முதல் விதில இந்த வேலைங்கிற பாதிய நெறைய பேர் விட்டுர்றாங்க.

படி 2: கலந்த தண்ணி தானா திரும்பி 80, 30னு பிரியுமா? பிரிஞ்சா முதல் விதிக்கு ஒண்ணும் கேடில்ல, கணக்கு சரியா தான் வரும், ஆனாலும் நடக்கவே நடக்காது, 1850ல ஜெர்மன் விஞ்ஞானி கிளாசியஸ் சொன்ன ரெண்டாவது விதி இதான், சூடு தானா குளிர்ச்சிலேர்ந்து சூடான பக்கம் ஏறாது. ஏத்தணும்னா கரண்ட் செலவாகும், ஃபிரிட்ஜ் பின்னால கைய வச்சு பாருங்க, உள்ளேர்ந்து எடுத்த சூடு அங்க தான் வெளிய வருது. கதவ தொறந்து போட்டா ரூம் குளிராது, இன்னும் சூடாகும்.

நம்ம நெகிரி செம்பிலான் பகாவ் பக்கம் செம்பனை மில்லுல பழத்தோட நாரையும் கொட்டை ஓட்டையும் எரிச்சு ஸ்டீம் எடுத்து டர்பைன் சுத்துறாங்கல்ல, ஸ்டீம் 230 டிகிரி, வெளிய 30னு வச்சுக்குங்க. 1824ல பிரெஞ்சு இன்ஜினியர் கார்னோ யோசிச்ச வழில போனா 1 - 303/503 (இந்த 303, 503 எப்படி வந்துச்சுன்னு படி 3ல பாப்போம்), அதாவது 40 சதவீதத்துக்கு மேல வேலையா மாத்தவே முடியாது, நிஜத்துல ரொம்ப கம்மி. அதான் டர்பைன விட்டு வர்ற ஸ்டீம வெளிய விடாம பழக்குலைய வேக வைக்க அனுப்புறாங்க, கெட்டிக்காரத்தனம்.

படி 3: மூணாவது விதி, இத வீட்டுல செய்ய முடியாது. -273.15 டிகிரி தான் 0 கெல்வின், நெருங்கலாம், எத்தன படி போனாலும் தொட முடியாது. மேல 30ஐ 303னு எழுதினது அங்கேர்ந்து எண்ணினதால தான். செல்சியஸ அப்படியே போட்டீங்கன்னா 87 சதவீதம்னு வரும், பரீட்சைல மார்க்கு போயிரும்.