பவளத் தொட்டி நீர்ச்சோதனை: எண்களை எந்த வரிசையில் படிப்பது?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் நீரைச் சோதிக்க, கிட்டில் சொட்டு எண்ணி, நிறம் பார்த்து, அளவைக் குறித்துக்கொள்வது வரை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, குறித்த எண்களிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் படி உப்பு. அது ஆயிரத்துக்கு 35 பங்கு என்று உறுதிப்படும் வரை வேறெந்த எண்ணையும் நம்ப வேண்டாம். என் தொட்டியில் கால்சியம் 370 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1160 பிபிஎம், ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) 7 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) என்று வந்தபோது, மூன்றுமே குறைவு என்று எண்ணி மூன்றுக்கும் கரைசல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். சில வாரங்களில் ஹீட்டர்மேல் வெள்ளைப் படிவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரோ 35 என்றே காட்டி வந்தது, ஏனெனில் அதை ஆர்ஓ தண்ணீர் விட்டுச் சுழியத்தில் மட்டுமே சரிபார்த்திருந்தேன். 35 அளவுள்ள கலிபரேஷன் கரைசலில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தபோது, நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 39-இல் நின்றது. அப்படியானால் தொட்டியின் உண்மையான உப்பு, 35-ஐ 35-ஆல் பெருக்கி 39-ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 31.4 தான். தொடக்கத்தில் வந்த 370-ஐ 35-ஆல் பெருக்கி 31.4-ஆல் வகுத்தால் 412. அதே கணக்கில் மெக்னீசியம் 1293, ஆல்கலினிட்டி 7.8. எதிலும் குறையே இல்லை. எனவே மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால், கரைசல் புட்டியைத் தொடுவதற்கு முன் உப்பைச் சோதியுங்கள். குறைந்த உப்பை ஒரே நாளில் ஏற்றாமல், ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றிப் பல நாட்களில் ஏற்றுங்கள்.

அடுத்தது ஆல்கலினிட்டி. பவளங்கள் எலும்புக்கூடு கட்டும்போது 2.8 டிகேஹெச் செலவானால் கால்சியம் ஏறத்தாழ 20 பிபிஎம் மட்டுமே குறைகிறது. ஆகவே ஆல்கலினிட்டி 8.5-இலிருந்து 7.1-க்கு இறங்கும்போது கால்சியத்தில் குறைவது 10 பிபிஎம் தான். பல கிட்டுகளில் அது கண்ணுக்கே தெரியாது. ஆல்கலினிட்டியை அன்றாடம் ஒரே நேரத்தில் அளந்தால், கால்சியத்துக்கு வாரம் ஒருமுறை போதும். தொட்டியின் நீல வெளிச்சத்தில் நிறமாற்றத்தைக் கணிப்பது கடினம் என்பதால் ஆல்கலினிட்டிக்கு நிறத்தைத் தானே அளந்து எண்ணாகக் காட்டும் ஹன்னா செக்கரையே பரிந்துரைப்பேன். கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் ஸாலிஃபெர்ட் கிட் போதும்.

எவ்வளவு கரைசல் ஊற்றியும் ஆல்கலினிட்டி, கால்சியம் இரண்டும் நிலைக்கவில்லையென்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள். அது 1200-க்குக் கீழே போனால் கால்சியம் கார்பனேட் எளிதில் படிந்துவிடும்.

ஏசி அறையை மூடியே வைத்திருந்தால் கரியமில வாயு சேர்ந்து காலையில் பிஹெச் 7.8 வரை இறங்கலாம். அதற்காக பஃபர் (பிஹெச்சை ஏற்றுவதற்கான தூள்) போட்டால் ஆல்கலினிட்டிதான் ஏறும், ஆதலால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாக இருப்பது நல்ல அறிகுறி அன்று, பவளங்கள் வெளிறத் தொடங்கும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் வரையும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரையும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: பாஸ்பேட் செக்கரில் 12 வந்ததைக் கண்டு வாசகர் ஒருவர் திகைத்துக் கேட்டிருந்தார். ஹன்னாவின் சில செக்கர்கள் பாஸ்பேட்டை அல்ல, பாஸ்பரஸை பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் காட்டுகின்றன. 12-ஐ 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் 0.037 பிபிஎம், அவருடைய தொட்டி சரியாகவே இருக்கிறது.