புரொஜெக்டர்ல நெட்வொர்க், சீரியல் செட்டிங் போடறது எப்படி

எப்சன் புரொஜெக்டர்னு வச்சுக்குங்க, மெனுல நெட்வொர்க் உள்ள போயி வயர்டு லேன்ல டிஹெச்சிபிய (ஐபி நம்பர தானா குடுக்கிற வசதி) ஆஃப் பண்ணிட்டு ஐபி, சப்நெட், கேட்வே மூணையும் நீங்களே போடுங்க, இல்லாட்டி என்னைக்காவது ஐபி மாறிடும், கன்ட்ரோல் சிஸ்டம் (புரொஜெக்டர தூரத்துல இருந்து இயக்கற கருவி) பழைய ஐபியிலயே தேடிக்கிட்டு நிக்கும். பிஜேலிங்க் (எல்லா கம்பெனி புரொஜெக்டரையும் நெட்வொர்க்ல கன்ட்ரோல் பண்றதுக்கான பொது முறை) ஆன் பண்ணா போர்ட் 4352, பாஸ்வேர்டு கண்டிப்பா வைங்க. ரொம்ப முக்கியம், ஸ்டேண்ட்பை மோடுல கம்யூனிகேஷன் ஆன் குடுக்கணும், நிறைய பேர் இதத்தான் விட்டுடறாங்க, அப்புறம் ஆஃப்ல இருக்கிற புரொஜெக்டர நெட்வொர்க் வழியா எழுப்பவே முடியாது.

சீரியலுக்கு (ஆர்எஸ்-232 போர்ட்) கிராஸ் கேபிள்தான், அதாவது அனுப்பற வயரும் வாங்கற வயரும் மாத்திப் போட்டதுதான் வேணும், நேர் கேபிள் போட்டா பதிலே வராது. செட்டிங் 9600 பாட் (வேகம்), 8 டேட்டா பிட், பேரிட்டி இல்ல, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோலும் வேணாம். கம்ப்யூட்டர்ல புட்டி (PuTTY)ங்கிற கமாண்ட் அனுப்பற சாஃப்ட்வேர்ல கனெக்ட் பண்ணி சும்மா என்டர் தட்டுங்க, ":" திரும்பி வந்துச்சுன்னா லைன் ஓகே, அடுத்து பவர் கமாண்ட அனுப்பிப் பாருங்க.