சின்ன மாடல் ரயில் லேஅவுட்ல டேங்க் கார் ஓட்டணுமா

முதல்ல டேங்க் காரோட, அதாவது திரவம் ஏத்துற சரக்கு வண்டியோட, நீளத்தப் பாருங்க, கலர், கம்பெனி பேரு எல்லாம் அப்புறம். எச்ஓ ஸ்கேல்ல (நிஜத்துல 87-ல ஒரு பங்கு அளவு) 18 இன்ச் ரேடியஸ் வளைவுதான் போட்டிருக்கீங்கன்னா பழைய காலத்து 40 அடி டேங்க் கார் அம்சமா போகும், ஏன்னா அது மாடல்ல அஞ்சரை இன்ச்தான், இப்போ ஓடுற 60 அடி கார் எட்டு இன்ச்சுக்கு மேல வரும், ஓடினாலும் வளைவுல பாக்க சகிக்காது.

அடுத்தது வெயிட்டு, தடம் புரளுறதுக்கு பாதி காரணம் இதுதான். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) சொல்ற கணக்கு, 1 அவுன்ஸ், அதோட ஒவ்வொரு இன்ச்சுக்கும் அரை அவுன்ஸ், அப்போ அஞ்சரை இன்ச் காருக்கு கிட்டத்தட்ட 106 கிராம். எடைய டேங்க்குக்குள்ள அடில வச்சு நல்லா ஒட்டிருங்க, உள்ள உருண்டுச்சுன்னா அவ்ளோதான். ஒரு பக்க ட்ரக் (காருக்கு அடில சக்கரங்கள தாங்குற சட்டம்) ஸ்க்ரூவ டைட்டா வச்சு இன்னொண்ண லேசா லூஸ் விடுங்க, பிளாஸ்டிக் சக்கரம் இருந்தா மெட்டலுக்கு மாத்திருங்க.

டேங்க் கார்ல சரக்கு வெளிய தெரியாது, அதனால லோடா காலியான்னு யாரும் கேக்க முடியாது, சின்ன லேஅவுட்டுக்கு இதவிட வசதி வேற என்ன வேணும்! ஒரே ஒரு சைடிங் (வண்டிய நிறுத்துற கிளைத் தடம்), பக்கத்துல ஒரு பம்ப், பைப் போதும்.

ஓட்டும்போது இன்ஜினுக்கு அடுத்ததா ஆபத்தான சரக்கு டேங்கர மாட்டாதீங்க, அமெரிக்காவுல நிஜ ரயில்லயே நடுவுல குறைஞ்சது ஒரு வேற வண்டியாவது இருக்கணும், ரயில் நீளமா இருந்தா அஞ்சு. சோளச் சிரப் ஏத்துற டேங்கருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.