விர்ச்சுவல் மெஷினை மூடும்போது கை தவறும் இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடை. அவர்களுடைய பில் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும், எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை, அதனால் புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷினை உருவாக்கும் சாஃப்ட்வேர்) போட்டு அதற்குள் எக்ஸ்பியை ஏற்றிக் கொடுத்திருந்தேன். ஆடித் தள்ளுபடி நேரம், ராத்திரி பத்தரை மணி, ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. கல்லாவில் இருந்த தம்பி விண்டோவின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினார். சின்னப் பெட்டி ஒன்று வந்தது, அதில் 'பவர் ஆஃப் த மெஷின்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் பில் டேட்டா ஃபைல் திறக்கவே இல்லை. அன்றைக்கு முழுக்கக் கூட்டத்தை வைத்துக்கொண்டு கையால் பில் எழுதினார்கள். அந்தத் தம்பி மேல் தப்பே இல்லை, 'பவர் ஆஃப்' என்று எழுதியிருந்தால் ஒழுங்காக அணைப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அது ஓடுகிற கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். உள்ளே இருக்கும் விண்டோஸ் எல்லாவற்றையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதிவிடாது, கொஞ்சத்தை மெமரியில் வைத்திருந்து அப்புறம் எழுதும். பிளக்கைப் பிடுங்கினால் அந்தக் கொஞ்சம் போய்விடும். டிஸ்க்கில் ஃபைல்களை விண்டோஸ் அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் தன் ஃபைல் அமைப்பை மீட்டுக்கொள்ளும், சரி, ஆனால் பாதி எழுதிய பில்லை அதனால் மீட்க முடியாது.

அதே பெட்டியில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஸ்னாப்ஷாட், அதாவது மெஷின் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு, எடுத்து வைத்திருந்தால் பவர் ஆஃப் வரிக்குக் கீழே 'ரெஸ்டோர் கரன்ட் ஸ்னாப்ஷாட்' என்று ஒரு டிக் கட்டம் வரும். அதில் டிக் இருந்தால் மெஷின் அந்த ஸ்னாப்ஷாட் எடுத்த நாளுக்கே போய்விடும். சித்திரையில் எடுத்தது என்றால் ஆடி வரை போட்ட பில் அத்தனையும் போச்சு, திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. ஓகே அழுத்தும் முன் தயவுசெய்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

'சென்ட் த ஷட்டவுன் சிக்னல்' நல்ல வழிதான். கேபினெட்டில் இருக்கும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தியது போல உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தகவல் போகும், அவ்வளவுதான், அது அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சேவ் பண்ணவா என்று ஏதாவது ஒரு புரோகிராம் கேட்டுக்கொண்டு நிற்கலாம், பவர் பட்டனை அழுத்தினால் தூங்கு என்று உள்ளே செட்டிங் இருக்கலாம். அதனால் உள்ளேயே ஸ்டார்ட் மெனுவுக்குப் போய் ஷட்டவுன் கொடுங்கள், விர்ச்சுவல்பாக்ஸின் மெஷின் பட்டியலில் 'பவர்டு ஆஃப்' என்று மாறும் வரை நில்லுங்கள். அப்டேட் ஓடினால் நேரமாகும், பொறுமை போய் நடுவில் பிடுங்கிவிடாதீர்கள்.

கரண்ட் போகும்போது கைகொடுப்பது 'சேவ் த மெஷின் ஸ்டேட்'. மெமரியில் இருப்பதை அப்படியே ஃபைலாக எழுதி நிறுத்திவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் ஒரு கணக்கு ஆபீஸில் இருந்தேன், வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, யூபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது. மெஷினுக்கு 4 ஜிபி ரேம், டிஸ்க்கில் 2 ஜிபிகூடக் காலி இல்லை. சேவ் ஆகவில்லை. உள்ளே ஷட்டவுன் கொடுத்து அது அணைவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ரேம் எவ்வளவோ அவ்வளவு இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும். யூபிஎஸ் கத்தும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

மெஷினைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் 'பாஸ்' வேறு, 'சேவ்' வேறு. பாஸ் செய்தால் எல்லாம் மெமரியிலேயே நிற்கும், கம்ப்யூட்டர் அணைந்தால் அதுவும் போய்விடும். லினக்ஸில் விர்ச்சுவல் மெஷினுக்கு கேவிஎம் ஓட்டுகிறவர்களுக்கு 'விர்ஷ் சஸ்பெண்ட்' என்ற கட்டளையும் இதே கதைதான், டிஸ்க்கில் சேமிப்பது 'மேனேஜ்டுசேவ்'. 'டெஸ்ட்ராய்' மெஷினை அழிக்காது, ஆனால் பிளக்கைப் பிடுங்கும்.

சேவ் செய்ததை மறுநாள் திறந்தால் உள்ளே கடிகாரம் நேற்றிரவிலேயே நிற்கும். உள்ளே போடும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை சாஃப்ட்வேரான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டிருந்தால் சற்று நேரத்தில் தானாகச் சரியாகும், இல்லையென்றால் முதல் பில் நேற்றைய தேதியில் விழும், ஜிஎஸ்டி கணக்கில் அது தலைவலி. வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாபேஸோடு பேசிக்கொண்டிருந்த புரோகிராமாக இருந்தால் அந்தத் தொடர்பும் அறுந்திருக்கும், பாதி அடித்த பில் அந்தரத்தில் நிற்கும். சேவ் செய்யும் முன் புரோகிராமை மூடிவிடுங்கள்.

சேவ் செய்த நிலையில் மெஷினின் டிஸ்க்காக இருக்கும் விடிஐ ஃபைலை மட்டும் காப்பி எடுத்து அதைப் பேக்கப் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், மிச்சம் மெமரி ஃபைலில் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸைப் புது வெர்ஷனுக்கு மாற்றும் முன்பும் முழுசாக ஷட்டவுன் செய்யுங்கள். பழைய சேவ் திறக்கவில்லை என்றால் அந்த சேவைத் தூக்கிப் போடும் 'டிஸ்கார்டு' செய்ய வேண்டி வரும், அதுவும் பிளக்கைப் பிடுங்குவதுதான்.

கம்ப்யூட்டரை அணைக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் இன்னும் ஓடுகிறது என்று விண்டோஸ் தடுத்தால், 'ஷட்டவுன் எனிவே' கொடுக்காமல் திரும்பிப் போய் முதலில் உள்ளே இருப்பதை அணையுங்கள்.

ஜவுளிக் கடையில் இப்போது பவர் ஆஃப் வரியையே எடுத்துவிட்டேன். 'விபாக்ஸ்மேனேஜ் செட்எக்ஸ்ட்ராடேட்டா' கட்டளையில் 'ரெஸ்ட்ரிக்டெட் க்ளோஸ் ஆக்‌ஷன்ஸ்' என்று ஒரு செட்டிங் உண்டு, அதில் சொன்ன வரிகள் அந்தப் பெட்டியில் வராது. ஸ்னாப்ஷாட் வரியையும் சேர்த்தே மறைத்தாயிற்று. டெஸ்க்டாப்பில் 'கடை மூடு' என்று ஒரு ஐகான் வைத்திருக்கிறேன், அதை அழுத்தினால் ஷட்டவுன் சிக்னல் போகும். தம்பி அதை அழுத்திவிட்டு, 'பவர்டு ஆஃப்' வந்ததைப் பார்த்த பிறகுதான் யூபிஎஸ் சுவிட்சில் கை வைக்கிறார்.