கொசுக்கடி அளவுப் புள்ளிதானே என்று நினைக்காதீர்கள்: தொடை இடுக்கு வழி சிகிச்சைக்குப் பின் வீட்டில் நடக்கும் தவறுகள்

தொடை இடுக்கு வழியாக ஆஞ்சியோவோ (இதய ரத்தக் குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) ஸ்டென்டோ (அடைத்த குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) முடிந்து வீட்டுக்கு வந்ததும் பலர் முதல் வேலையாகப் பிளாஸ்டரை உரித்துப் பார்ப்பார்கள். உள்ளே கொசு கடித்தது போல ஒரு புள்ளி. பெரும்பாலும் தையல்கூட இருக்காது. 'இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று தோன்றும். வீட்டில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கின்றன.

தையல் இல்லாததற்குக் காரணம், அறுக்கவே இல்லை என்பதுதான். ஊசி குத்தி, ஊசி வழியே கம்பி விட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு குழாயை உள்ளே அனுப்பும் இந்த முறையை 1953-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதேதான். ஆனால் தோலுக்குக் கீழே தொடைத் தமனியின் (காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) சுவரில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு இதயத் துடிப்பும் அதை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் சில நாட்கள் அதை அடைத்து வைத்திருப்பது உறைந்த ரத்தம். சிலருக்கு மருத்துவர் வைத்த சிறு அடைப்பான். இன்னொன்று: ஊசியைச் சாய்வாகத்தான் குத்துவார்கள். அதனால் தமனியில் இருக்கும் ஓட்டை தோலில் தெரியும் புள்ளிக்கு நேர் கீழே இருக்காது. ஓரிரு சென்டிமீட்டர் வயிற்றுப் பக்கமாக மேலே இருக்கும். ரத்தம் வந்தால் இது மிக முக்கியம்.

கனம் தூக்குவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'கைதானே தூக்குகிறது, தொடைக்கு என்ன?' என்று நினைப்பு. எதைத் தூக்கினாலும் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குகிறோம். அந்த அழுத்தம் நேராகத் தொடை இடுக்கில் போய் இறங்கும். பொதுவாக ஒரு வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். நிறைந்த வாளித் தண்ணீர் 10 கிலோவைத் தாண்டிவிடும். ஓடி வரும் குழந்தையைக் குனிந்து தூக்குவதும் இந்தக் கணக்குதான், அதைத் தூக்கிய பிறகுதான் ஞாபகம் வரும். மலச்சிக்கலில் முக்குவது இதே வேலையைச் செய்கிறது. முன்பே அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போதே மருந்து கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, வெட்கப்பட ஒன்றுமில்லை. இருமலோ தும்மலோ வந்தால் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்வது கொஞ்ச நாள் வேண்டாம்.

அதற்காக நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் தப்பு. வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம். மாடிப்படி முடிந்தவரை குறைவாக. ஏறும்போது ஊசி குத்தாத பக்கத்துக் காலை முதலில் வையுங்கள். ஒரு நாள் கழித்துக் குளிக்கலாம், புள்ளியைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். தொட்டியில் ஊறுவது, நீச்சல் எல்லாம் ஒரு வாரம் கழித்து. பவுடர், களிம்பு எதுவும் அங்கே தேவையில்லை.

இரண்டாம், மூன்றாம் நாளில் தொடை நீலமாகக் கன்றிப்போய், முழங்கால் வரைகூட இறங்கும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே வழிகிறது, அவ்வளவுதான்; பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறையும். இங்கே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் எண்ணெய் போட்டு நீவிவிடுவதும் பாசத்தில் செய்யும் தவறுகள். சூடு ரத்தக் குழாயை விரிக்கும், நீவினால் உறைந்தது கலையும். பட்டாணி அளவுக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் அது சாதாரணம். சந்தேகமாக இருந்தால் வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதி வையுங்கள். வீக்கம் கோட்டைத் தாண்டினாலோ, கட்டி நாடி போலத் துடித்தாலோ, வலி கூடினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீழ், காய்ச்சல் இருந்தாலும் அப்படியே.

ரத்தம் வந்தால் பஞ்சை அடுக்கி வைப்பதும், துணியை இறுக்கிக் கட்டிவிட்டு வண்டியைத் தேடி ஓடுவதும் உதவாது. உடனே மல்லாந்து படுத்துக் காலை நீட்டுங்கள். புள்ளியின் மீதும் அதற்குச் சற்று மேலேயும் விரல்களால் பலமாக அழுத்துங்கள். கடிகாரம் பார்த்துப் 10 நிமிடம், நடுவில் கையை எடுத்துப் பார்க்கக் கூடாது. 'நின்னுடுச்சா?' என்று எட்டிப் பார்க்கும் அந்த ஒரு நொடியில் அப்போதுதான் படிந்த உறைவு பிய்ந்துவிடும். பீய்ச்சி அடித்தாலும் வேகமாக வீங்கினாலும் அழுத்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். எங்கே அழுத்துவது என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே செவிலியரிடம் கேட்டு, வீட்டில் உடன் இருப்பவரின் விரலை அங்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே ஒரு சொட்டு இல்லாமலும் ரத்தம் கசியலாம், வயிற்றின் பின்பக்கமாக. திடீர் இடுப்பு வலி அல்லது அடிவயிற்று வலி, கூடவே தலைசுற்றல், குப்பென்று வியர்வை என்றால் 'படுத்துப் படுத்து முதுகு பிடிச்சிருக்கு' என்று விட்டுவிடாதீர்கள். கால் சில்லிட்டு வெளுத்தாலோ மரத்துப்போனாலோ அதுவும் அவசரம்தான். இரண்டுக்குமே ஆம்புலன்ஸ்தான், காலைவரை காத்திருக்கக் கூடாது.

மருந்து விஷயத்தில் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. கன்றியதைப் பார்த்துப் பயந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் தாங்களாகவே நிறுத்திவிடுவது. புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரை நின்றால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். கன்றியது தானாக ஆறும், இது அப்படியல்ல. வலிக்குப் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் சிலருக்கு, சாய மருந்தின் காரணமாக 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். சிலர் நிறுத்தியதை மறந்தே போகிறார்கள்; எப்போது மறுபடி தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சாயம் சிறுநீரில்தான் வெளியேறும் என்பதால் தண்ணீர் நன்றாகக் குடிக்கலாம். இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்து தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

அப்புறம் வண்டி. ஓரிரு நாள் ஓட்ட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. மாரடைப்போடு வந்து சிகிச்சை எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் வலது தொடையில்தான் குத்துவார்கள், காரில் திடீரென்று பிரேக்கை மிதிக்கும் காலும் அதுதான். உதைத்து ஸ்டார்ட் செய்யும் வண்டி என்றால் ஒரு வாரத்துக்குச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.