பள்ளிக் குப்பைக்குப் பள்ளியிலேயே வழி: முதல் தடவை செய்பவர்களுக்கு

சென்னையில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல ஆண்டுகளாக மலை மலையாகக் குவிந்தது அதுதான். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அதே நிலம். நம் பள்ளியின் காய்த்தோலும் முட்டை ஓடும் அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. மாநகராட்சிப் பள்ளியில், அதிகச் செலவில்லாமல் அதை எப்படித் தடுப்பது என்று சொல்கிறேன். ஓவியப் போட்டி, உறுதிமொழி எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1. ஒரு நாள் குப்பையைக் கொட்டிப் பாருங்கள்

மைதானத்தில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, அன்றைய குப்பை முழுவதையும் கொட்டுங்கள். கழிவறைக் குப்பை மட்டும் இதில் சேரவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கழிவு, சருகு, காகிதம், பிளாஸ்டிக் என்று பிரித்து, எடை போட்டு, கரும்பலகையில் எழுதுங்கள். கண்ணில் முதலில் படுவது சிப்ஸ் பாக்கெட். தராசில் ஏற்றினால் பெரும்பாலும் சாப்பாடும் சருகும்தான் கனக்கும். இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே தராசைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

2. சமையல் அக்காவிடம் பேசுங்கள்

தலைமையாசிரியர் அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் சம்மதமும் வேண்டும். ஆனால் சத்துணவு அமைப்பாளரும் சமையல் அக்காவும் மனது வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. காய்த்தோல், கீரைத்தண்டு, முட்டை ஓடு ஒரு வாளியில். எண்ணெய் கவர் மாதிரியானவை இன்னொன்றில். காலையில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வாளியைக் கழுவி வைக்கும் வேலையை நம் பக்கம் எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

3. தொட்டிகள்

வகுப்பறைக்குக் காகிதத் தொட்டி ஒன்று போதும். மக்குவதற்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்ற ஜோடியைச் சாப்பிடும் இடத்தில் வையுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுத்தோடு படமும் ஒட்டுங்கள்.

4. உரம்

மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் ஒன்றை எடுத்து, பக்கங்களிலும் அடியிலும் துளை போட்டு, செங்கல் மேல் நிறுத்துங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவு. அதன் மேல் ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு. வேம்பு, புங்கை இலைகள் சீக்கிரம் மக்கும். பாதாம் இலையைக் கிழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்குங்கள். மிஞ்சிய சாம்பார் சாதம் கொஞ்சமாகப் போடலாம். அளவு கூடினால் எலி வரும். தொடங்கும்போது புளித்த மோர் ஒரு சொம்பு தெளித்தால் வேலை வேகமாக நடக்கும்.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நாற்றம் வந்தாலோ புழு நெளிந்தாலோ பயப்படாதீர்கள், ஈரம் கூடிவிட்டது என்று பொருள். சருகு சேர்த்துக் கிளறினால் சரியாகிவிடும். சில நாளில் நடுப்பகுதி சூடாகும். நீளமான தெர்மாமீட்டர் ஒன்றைச் செருகி, பிள்ளைகளைத் தினமும் குறிக்கச் சொல்லுங்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்வதால்தான் இந்தச் சூடு என்று அப்போது விளக்கினால் மனதில் நிற்கும்.

டிரம் நிறைந்தபின் இரண்டு மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசம் வரும். சலித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து கீரை விதையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிரம் கூரைக்கடியில் இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் கொசு வரும்.

5. யார் செய்வது?

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முறைப்பட்டியலில் எல்லாப் பிள்ளைகள் பெயரும் வர வேண்டும். ஆண், பெண், நன்றாகப் படிப்பவர், படிக்காதவர் எல்லாரும். ஆசிரியர் பெயரும் வேண்டும். தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகக் குப்பை வாளியைக் கொடுக்கவே கூடாது. குப்பை அள்ளுவது இன்னாருக்குத்தான் என்ற எண்ணம் நம் ஊரில் சாதியோடு வந்தது; பள்ளியில் அதை ஒரு நாள்கூட வளர்க்கக் கூடாது. தூய்மைப் பணியாளர் அக்காவை ஒரு வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். குப்பையைப் பற்றி நம்மைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

6. காகிதமும் சிப்ஸ் பாக்கெட்டும்

பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைத் தைத்தால் ரஃப் நோட்டு. மீதி பழைய பேப்பர் கடைக்கு. சிப்ஸ் பாக்கெட் உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டியிருப்பதால் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். ஒரு பூந்தொட்டி மண்ணில் வாழையிலை, காகிதம், பருத்தித் துணி, சிப்ஸ் பாக்கெட் நான்கையும் புதைத்து, ஒரு மாதம் கழித்துத் தோண்டிக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், தட்டு, உறிஞ்சுகுழல், கைப்பை எல்லாம் தடை. ஆனால் பாக்கெட் தின்பண்டம் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அதனால் பிறந்தநாள் மிட்டாய்க்குப் பதில் கடலை உருண்டை கொண்டுவரச் சொல்லிப் பெற்றோரிடம் கேளுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே டிரம்மில் போடுவதை நிறுத்தி, மேலே சருகு மூடி, வாரம் ஒருமுறை தண்ணீர் தெளிக்க வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது உரம் சலிக்கத் தயாராக இருக்கும்.